தலையைத் தொடாமல் ஒரு முகவலை

மே 4

அக்கா,

இந்தக் கடிதத்தைக் கிழிப்பதாக இருந்தால் மூன்றாவது பத்தி வரை படித்துவிட்டுக் கிழி. விஷயம் அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன்னால் வருவதெல்லாம் என் வழக்கமான வெட்டிப் பேச்சு.

"செத்தாலும் உன்கூடப் பேச மாட்டேன்" என்றுதான் நீ சொன்னாய். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. முப்பது வருடம் பத்திரிகை ஆபீசில் பிழை திருத்தி வயிறு வளர்த்தவனுக்கு இந்த ஓட்டை கண்ணில் படப் பதினான்கு மாதம் ஆகியிருக்கிறது. என்னை ஏன் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

துரைக்கு இடது கண்ணில் புண். எந்தத் துரை என்று கேட்காதே. "எல்லாரும் ரிட்டயர் ஆனா சாய்வு நாற்காலி வாங்குவாங்க, இவன் குதிரை வாங்கியிருக்கான்" என்று சொந்தக்காரர் ஒருவர் விடாமல் போன் போட்டுச் சொன்னவள் நீதான். அந்தக் குதிரைதான். பக்கத்து மாட்டுப்பண்ணையிலிருந்து ஈ படை படையாக வருகிறது. வந்ததெல்லாம் அவன் கண்ணோரத்தில்தான் உட்காருகிறது. கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "மருந்து நான் தர்றேன். ஆனா ஈ உக்காந்துக்கிட்டே இருந்தா மருந்து தண்ணிதான். பகல் பூரா முகவலை போட்டு வைங்க. இல்லேன்னா இந்தக் கண்ணை மறந்துடுங்க" என்றார்.

முகவலை என்பது குதிரை மூஞ்சிக்குக் கொசுவலை. காதடியிலிருந்து பாதி மூக்கு வரை மூடும், அதன் வழியாகவே பார்க்கலாம். கடையில் மூன்று வாங்கினேன். முதலாவது இமையில் உரசி, இருந்த புண்ணைப் பெரிதாக்கியது. இரண்டாவதில் காதோரத் தையல் உப்புத்தாள் மாதிரி. மூன்றாவதை மாட்டவே விடவில்லை. தலையைத் தொட்டால் அவனுக்கு ஆகாது. கன்னத்துக்கு மேலே கை போனால் போதும், குதிரையாக இருந்தவன் ஒட்டகச்சிவிங்கி ஆகிவிடுவான். சில குதிரைகளுக்கு அது பிறவிக் கூச்சமாம்.

நீ ஒன்று தைத்துக் கொடு. எந்த உடம்பையும் உறுத்தாமல் தைக்க உன்னைவிட்டால் எனக்கு ஆள் தெரியாது.

அத்தானை விசாரித்ததாகச் சொல். சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் சொல்லாதே.

உன் தம்பி


மே 8

தம்பிக்கு,

மூன்றாவது பத்தி வருவதற்குள் இரண்டு முறை கிழிக்கக் கை போனது. வாயில் குண்டூசி வைத்திருந்ததால் திட்டக்கூட முடியவில்லை.

அத்தானை விசாரிக்கிறாயா? நான் சொல்கிறேன் கேள். என் பெண்ணின் கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்க அத்தான்கிட்ட ஒளிவுமறைவே கிடையாது, பாருங்க" என்று அவர் தலையிலிருந்த விக்கைத் தூக்கி இருநூறு பேருக்குக் காட்டினாயே, அன்றிலிருந்து அந்த மனுஷர் எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. முப்பத்திரண்டு வருடம் நெரிசல் பஸ்ஸில் கண்டக்டராக நின்று, எத்தனையோ ரவுடிகளைப் பாதி வழியில் இறக்கிவிட்டவர். இப்போது நான் அலமாரியிலிருந்து டம்ளர் எடுக்கக் கையைத் தூக்கினால்கூட அவர் கை தானாகத் தலைக்குப் போகிறது. நீயோ அன்று குனிந்து வணக்கம் வேறு வைத்தாய்.

குதிரை என்ன பாவம் செய்தது? தைக்கிறேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே.

அளவு அனுப்பு. நெற்றி அகலம், இரண்டு கண்ணுக்கும் நடுவில் எவ்வளவு, கண்ணிலிருந்து காதடி வரை, தாடையைச் சுற்றி, மூக்கைச் சுற்றி. டேப்பை இழுத்துப் பிடிக்காமல், தொளதொளவென்றும் விடாமல் எடு. "கிட்டத்தட்ட" என்ற வார்த்தையைப் பார்த்தால் கத்தரிக்கோலைத் தொட மாட்டேன். கடையில் கல்யாண கவுன் இரண்டும் பள்ளிச் சீருடை நாற்பதும் காத்துக்கொண்டிருக்கின்றன.

அக்கா


மே 13

அக்கா,

தலையைத் தொட விடாத குதிரைக்குத் தலை அளவு எடுப்பது எப்படி என்று உன் தையல் படிப்பில் ஒரு பாடம் இருந்திருந்தால் அதையும் சேர்த்து அனுப்பியிருக்கலாம்.

முதல் நாள் டேப்போடு போனேன். டேப்பைத் தின்றுவிட்டான், ஒன்றிலிருந்து பதினேழு அங்குலம் வரை. இரண்டாம் நாள் அவன் தூங்கும்போது போனேன். அவன் நின்றுகொண்டே தூங்குகிறான், அதுவும் ஒரு கண்ணைத் திறந்துவைத்து. நம் பெரியப்பா ஆபீசில் தூங்குவாரே, அதே மாதிரி. மூன்றாம் நாள்தான் மூளை வேலை செய்தது. வாளித் தவிட்டுக்கு முன்னால் ஒரு அட்டைப்பெட்டியைக் கட்டி, அதில் ஓட்டை போட்டேன். தவிடு வேண்டுமானால் ஓட்டை வழியாகத் தலையை விட வேண்டும். யாரும் தொடவில்லை, அவனாகவே விட்டான். முட்டியபோதெல்லாம் ஓட்டையை வெட்டி வெட்டிப் பெரிதாக்கினேன். முழுத்தலையும் சுகமாக உள்ளே போய் வந்ததும் நிறுத்தினேன்.

அந்த அட்டையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் கடித்த தடம் இருந்தால் அது அளவில் சேராது. கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவில் எவ்வளவு என்பதற்கு ஒரு போட்டோ. பக்கத்தில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிடித்திருக்கிறேன், அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள். பாக்கெட் அப்போது முழுசாகத்தான் இருந்தது.

கண்ணில் மேகம் மாதிரி வெள்ளையாக ஏதோ தெரிகிறது. சீக்கிரம் அனுப்பு.

தம்பி


மே 18

தம்பிக்கு,

பார்சலைப் பிரித்ததும் கடை முழுக்கக் குதிரை லாய வாசனை. கவுன் போட்டுப் பார்க்க வந்த கல்யாணப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

இருபத்தெட்டு வருடமாகத் தைக்கிறேன். அட்டையில் ஓட்டை போட்டு இதுதான் அளவு என்று எவரும் என்னிடம் வந்ததில்லை. இருந்தாலும் தைத்துவிட்டேன். வலை மெல்லியது, ஆனால் விறைப்பானது. கண்ணுக்கு நேரே இரண்டு பக்கமும் வலையை ஆழமாக மடித்து டக் பிடித்திருக்கிறேன், அதனால் அந்த இடம் கிண்ணம் மாதிரி வெளியே தள்ளி நிற்கும், இமையில் படாது. தையல் எல்லாம் வெளிப்பக்கம். ஓரத்துக்கு, பிறந்த குழந்தைக்குச் சட்டை தைத்த மிச்சத் துணியை உருட்டி மெத்தென்று பைப்பிங். தாடைக்குக் கீழே வெல்க்ரோ, ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம்.

போட்டுப் பார்க்காமல் நான் எதையும் கொடுத்ததில்லை. குதிரைக்கு எங்கே போக? ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அத்தானைக் கேட்டேன். யாருக்கு என்று கேட்டார். குதிரைக்கு என்றேன். எந்தக் குதிரை என்று கேட்கவில்லை. பேப்பரை மடித்தார், விக்கை அவர் கையாலேயே கழற்றி மேசையில் வைத்தார், தலையைக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்துச் சீருடை வாங்க வந்த டீச்சர், வலைக்குள்ளிருந்து "உள்ள வாங்க" என்று குரல் வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உறுத்துதா?" என்று கேட்டேன்.

"உறுத்தல. ஆனா இது எனக்குப் பெருசு" என்றார்.

அவர் தலைக்குப் பெரிதாகத்தானே இருக்கும் என்று அனுப்பிவிட்டேன். போட்டுவிட்டு உடனே எழுது. வளவளக்காதே.

அக்கா


மே 23

அக்கா,

வளவளக்காமல் எழுதுகிறேன். அத்தான் சொன்னது சரி. பெரிது.

தப்பு என் பெட்டி மேல்தான். முழுத்தலையும் போய் வரும் வரை ஓட்டையை வெட்டினேன் அல்லவா, அப்படியானால் அது காது இரண்டும் நுழையும் அளவு. தாடைக்குக் கீழே ஒரு கை நுழையும் இடைவெளி. தவிட்டைக் காட்டி ஏமாற்றி அரை மணி நேரத்தில் மாட்டினேன். பத்தே நிமிடத்தில் ஈ எல்லாம் கீழ்வழியாக உள்ளே போய்விட்டது. போனதற்கு வெளியே வர வழி தெரியவில்லை. ஈக்கு ஒரு கூண்டு, அந்தக் கூண்டுக்குள்ளே துரையின் கண். கடையில் வாங்கியது எதுவும் இந்தச் சாதனையைச் செய்யவில்லை.

கழற்றலாம் என்று வெல்க்ரோவை இழுத்தேன். சர்ரென்று ஒரு சத்தம், அவன் காதுக்கு நேர் கீழே. பின்னங்காலில் எழுந்து நின்றான். லாயத்துக் கதவு இப்போது இரண்டு துண்டு. என் சுண்டு விரல் ஒரே துண்டுதான், கொஞ்சம் வேறு பக்கம் பார்க்கிறது.

டாக்டரம்மா வந்தார். வெள்ளை பாதிக் கண்ணை மூடிவிட்டதாம். "மூணு வாரம் டைம். ஈ அண்டாம இருந்தா படலம் கரையலாம். இல்லேன்னா பார்வை கிடையாது" என்றார். கிளம்பும்போது, "இது பிறவிக் கூச்சம் இல்ல சார். யாரோ பயமுறுத்தியிருக்காங்க. யாரு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். உன் பார்வை மாதிரியே இருந்தது.

நான்தான் அக்கா. கடையில் வாங்கிய இரண்டாவது முகவலையைக் கழற்றும்போது மாட்டுப்பண்ணை ஆட்கள் நாலு பேர் வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் நாலு பேர் பார்த்தால் போதுமே. "பாருங்க, மாயம் பாருங்க!" என்று மந்திரவாதி மாதிரி ஒரே இழுப்பில் பிடுங்கிக் காற்றில் சுழற்றினேன். காதோடு சேர்ந்து இழுபட்டது. நாலு பேரும் சிரித்தார்கள். அதற்கு முன்னால் அவன் என் தோளில் தலையை வைத்துக்கொண்டு நிற்பான்.

பிறவிக் கூச்சம் என்று எழுதியதற்கு மன்னித்துக்கொள். வேறு ஒன்று தைத்துத் தர முடியுமா?

தம்பி


மே 27

தம்பிக்கு,

இந்தத் தடவை உன் கடிதத்தை அத்தானிடமே கொடுத்துவிட்டேன். நான் படித்துச் சொன்னால் நடுநடுவே திட்டுவேன், அவருக்குக் கதை புரியாமல் போய்விடும்.

உன்னை என்ன சொல்லித் திட்டுவது? புதிதாக ஏதாவது செய்தால் புதிதாகத் திட்டலாம். ஆள் மாறுகிறது, இடம் மாறுகிறது, நாலு பேர் இருநூறு பேர் என்று கூட்டம் மாறுகிறது. கை மட்டும் அதே கை. ஐம்பத்திரண்டு வயதாகிறது உனக்கு.

அத்தான் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறையும் படித்தார். பிறகு சொன்னார்: "தலைமேல என்ன இருந்தாலும் பழகிடும். எவன் எப்போ பிடுங்குவான்னு தெரியாம இருக்கறதுதான் பழகாது." இந்த விஷயத்தில் பதினான்கு மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. எனக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை.

உட்கார்ந்து யோசித்தேன். தபாலாபீசில் முத்திரை குத்தும் அம்மாவுக்குத் தோள்பட்டை இறுகிக் கை மேலே போகாது. அவளுக்கு நான் தைக்கும் கோட்டில் கையை நுழைக்கவே வேண்டாம், தோளிலிருந்து ஓரம் வரை திறந்து போர்த்தி முடிச்சுப் போட்டால் போதும். குதிரைக்கும் அப்படித்தான் செய்திருக்கிறேன். காது வழியாக எதையும் நுழைக்க வேண்டாம், தலைக்கு மேலே கையை ஓங்க வேண்டாம். மூக்கின் மேல் வைத்து, புத்தகத்தை மூடுவது மாதிரி இரண்டு பக்கமும் மடித்து, காதுக்குப் பின்னால் ஒரு துணிப்பட்டையை மெதுவாகக் கொண்டுவந்து கன்னத்தோரம் கட்டு. வெல்க்ரோ கிடையாது. நான்கு துணி நாடா, இழுத்தால் சத்தமில்லாமல் அவிழும். எங்கேயாவது மாட்டிக்கொண்டாலும் தானாக அவிழ்ந்துவிடும். பிஸ்கட் பாக்கெட்டை நானும் ஒன்று வாங்கி அளந்தேன். கண் கிண்ணத்தை அரை அங்குலம் நகர்த்தியிருக்கிறேன்.

தபாலில் அனுப்பவில்லை. வியாழக்கிழமை காலை பஸ்ஸில் ஆள் கையில் வருகிறது. ஆள் யார் என்று கேட்காதே. இறங்கியதும் ஜோக் அடித்தாய் என்றால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். வாயைச் சும்மா வைத்திருக்க முடியாவிட்டால் குதிரையின் கேரட்டை எடுத்து வாயில் வைத்துக்கொள்.

அக்கா


ஜூன் 9

தம்பிக்கு,

ரெண்டு நாளில் வருகிறேன் என்று ரெண்டு சட்டையோடு போன மனுஷர். இன்றோடு பன்னிரண்டு நாள். ஒரு கார்டு வந்தது, அதில் மொத்தமே "வேலை இருக்கு". முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் ஒரு நாள் அவர் கூடுதலாக ஒரு ட்ரிப் அடித்ததில்லை.

அங்கே என்னதான் நடக்கிறது? கண் எப்படி இருக்கிறது? நாடா நீளம் போதுமா? பைப்பிங் எங்காவது சிவக்கிறதா? காதடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தீர்களா? ஒருவரும் ஒன்றும் எழுதுவதில்லை. நான் இங்கே நாற்பது சீருடைக்குப் பித்தான் தைத்துக்கொண்டு, கண்ணை மூடினால் குதிரை வருகிறது. நேற்று ஒரு சீருடைக் கழுத்தில் இரண்டு பக்கமும் டக் பிடித்து வைத்திருக்கிறேன், கண்ணுக்கு. அந்தப் பையனின் அம்மா இன்னும் பார்க்கவில்லை.

அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை பத்து நாளைக்குத்தான் கொடுத்தேன். அங்கே மருந்துக்கடை இருக்கிறதா, இல்லை குதிரை மாத்திரையைப் போட்டுக்கொள்கிறாரா?

உடனே எழுது. இந்தத் தடவை வளவளக்கலாம்.

அக்கா


ஜூன் 15

அக்கா,

அனுமதி கிடைத்தபிறகு வளவளக்க வரவில்லை பார். மாத்திரை வாங்கியாகிவிட்டது. மனுஷ மாத்திரைதான்.

வியாழக்கிழமை அத்தான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது என் வாயில் கேரட் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பையைக் கொடுத்தார், லாயம் எங்கே என்று கண்ணாலேயே கேட்டார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தவர்தான். முகவலை மடியில். துரை மூலையில். நான் வேலிக்கு வெளியே, பண்ணை ஆட்களோடு, பார்வையாளர் வரிசையில்.

முதல் நாள் முழுக்க ஒன்றுமே நடக்கவில்லை. வேப்பிலைக்கொத்து ஒன்றை ஒடித்து ஈயை விரட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மறுநாள் எழுந்து நின்று, டிக்கெட் பையைத் தோளில் மாட்டிய குரலில் ஆரம்பித்தார்: "அடுத்து மூக்கு. மூக்கு வருது. மூக்கு!" மூக்கைத் தொட்டார். கையை எடுத்தார். "அடுத்து கன்னம். கன்னம் இறங்குறவங்க தயாரா இருங்க." கன்னத்தைத் தொட்டார், எடுத்தார். துரை தலையைத் தூக்கியவுடன், "சரி, இங்க நிக்காது, போகலாம் ரைட்" என்று திரும்பி உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் அதே வரிசை, அதே குரல். ஒரு ஸ்டாப் கூட முன்னால் பின்னால் கிடையாது. சொல்லாமல் ஒரு விரல் அசையாது. அவன் போதும் என்று காதை மடக்குவதற்கு ஒரு நிமிடம் முன்னாலேயே இவர் நிறுத்திவிடுவார். ஐந்தாம் நாள் "அடுத்து காதோரம்" என்று குரல் வந்ததும் துரை தலையைத் தானாகக் கீழே இறக்கினான், அக்கா. முகவலை முகத்தில் ஏறியது எனக்கே தெரியவில்லை. நாடா நீளம் போதும். எங்கேயும் சிவக்கவில்லை. கிண்ணம் இமையிலிருந்து ஒரு விரல் தள்ளி நிற்கிறது, தினமும் விரலை வைத்துப் பார்க்கிறேன். நான் என்று சொன்னேன், கவனித்தாயா? ஒன்பதாம் நாளிலிருந்து என்னையும் விட்டார். "சத்தமா சொல்லு. நீ எங்க இருக்கேன்னு அவனுக்குத் தெரியணும்" என்றார்.

அன்று காலைதான் மன்னிப்புக் கேட்டேன். வாயில் இரண்டு ஜோக் வந்தது, இரண்டையும் விழுங்கினேன். "அத்தான், கல்யாணத்துல நான் செஞ்சது தப்பு" என்றேன்.

அவர் திரும்பவில்லை. நாடாவை அவிழ்த்துக்கொண்டே, "பதினஞ்சு மாசம் லேட்டு" என்றார்.

"ஆமா."

"சரி, ஏறு. படியில தொங்காம உள்ள வா."

அவ்வளவுதான். அதன்பிறகு அந்தப் பேச்சே இல்லை. சட்டை இரண்டையும் மாற்றி மாற்றி நான்தான் துவைக்கிறேன், தண்டனையாக இருக்கும்.

இன்று டாக்டரம்மா வந்தார். படலம் சுருங்கியிருப்பது எனக்கே தெரிந்தது. ஆனால் சுருங்குவது வேறு, பார்வை வேறு என்று சொல்லிவிட்டார். முகவலையைக் கழற்றினோம். அத்தான் "அடுத்து வலது கண்" என்று அறிவித்து, நல்ல கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினார். டாக்டரம்மா இடது பக்கம் போய் நின்று, சத்தமில்லாமல், காற்றுகூடப் படாமல், கையைத் தூக்கினார். துரை அசையவில்லை. அத்தானைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

டாக்டரம்மா ஒரு அடி கிட்டே வந்து மறுபடி கையைத் தூக்கினார்.

விருட்டென்று தலையைப் பின்னால் இழுத்தான், அக்கா. அதே உதறல். இரண்டு மாதமாக நான் சபித்த, கதவை உடைத்த, என் விரலை வளைத்த அதே பாழாய்ப்போன உதறல். யாரும் தொடவில்லை, யாரும் சொல்லவில்லை, சத்தமும் இல்லை. கை வருவதை அந்தக் கண்ணாலேயே பார்த்திருக்கிறான்.

"தெரியுது" என்றார் டாக்டரம்மா. உறுதி செய்துகொள்ள இன்னொரு முறை தூக்கினார். இன்னொரு உதறல். "போதும், பாவம்" என்று கையைக் கீழே விட்டார்.

நான்தான் விடவில்லை. "டாக்டர், இன்னும் ஒரே ஒரு தடவை" என்றேன்.

தம்பி